மைக்கில் போன சொல்

நூருல் அமீனுக்கு அல்லா கொடுத்தவை இரண்டு. காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு மைக்செட் கடை. வாய்க்குள் ஒரு நாக்கு. கடையில் இருந்த ஆம்ப்ளிஃபயர்களுக்கெல்லாம் சத்தத்தைக் குறைக்க ஒரு திருகு உண்டு. நாக்குக்கு அது கிடையாது.

கல்யாண வீட்டில் மைக்கைக் கட்டிவிட்டு ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு இறங்க அவரால் முடியாது. “சமையல்கட்டுப் பக்கம் நிக்கிற மாப்பிள்ளையோட தாய்மாமா, ருசி பாத்தது போதும், கறி மத்தவங்களுக்கும் வேணும், மேடைக்கு வாங்க” என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுத்தான் இறங்குவார். பந்தல் குலுங்கும். தாய்மாமாவும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

அந்த மனிதர் ஆடி மாதம் ஒரு காலையில், டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி தூக்கலா இருக்கே, என்ன, எம்மேல பிரியமா?” என்று கேட்டார். மனைவி ஹாஜரா பதில் யோசித்துக்கொண்டே அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் சுவரில் சாய்ந்திருந்தார். டீ சிந்தவில்லை. அன்றைக்கு அவள் யோசித்து வைத்திருந்த பதில் நல்ல பதில். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

புருசனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள், அந்த இத்தா முடியும்வரை ஹாஜரா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஐந்து வேளைத் தொழுகை, அதற்குமேல் காலையிலும் மாலையிலும் பாவமன்னிப்பு துஆ. துஆக்களில் அதற்குத் தலைமை துஆ என்று பெயர். சின்ன வயதில் மதரஸாவில் அரபியில் மனப்பாடம் செய்தது. பொருளைத் தமிழில் படித்துத் தெரிந்துகொண்டது கல்யாணத்துக்குப் பிறகுதான். ‘இறைவா, நீ எனக்குச் செய்த கொடைகளை ஒப்புக்கொள்கிறேன், நான் செய்த பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன், என்னை மன்னித்துவிடு’ என்று வரும். முதலில் கொடை, பிறகுதான் பாவம். அந்த வரிசை அவளுக்குப் பிடிக்கும். கடன் கேட்டுப் போகிறவன்கூட முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தானே ஆரம்பிக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். இப்போது அதைத் தனக்காக ஓதாமல் அவருக்காக ஓதினாள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. தொழுகை தவறியதை, நோன்பு தவறியதை அல்லா மன்னித்துவிடுவான். அது அவன் பாடு. மனுசன் மனுசனை நோகடித்தால், நொந்தவன் வாயால் ‘மன்னித்தேன்’ என்று வர வேண்டும். இது ஹாஜராவுக்கு மட்டுமல்ல, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அந்த நாக்கை வைத்துக்கொண்டு அவர் எத்தனை பேரை நோகடித்திருப்பார்! நினைத்தால் அவளுக்கு நெஞ்சு பதறும். கூடவே சிரிப்பும் வந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு முறை துஆ ஓதிக்கொள்வாள்.

துக்கம் கேட்க வந்த பெண்களிடம் எல்லாம், “அவரு ஏதும் சொல்லி மனசு நொந்திருந்தா மன்னிச்சுக்கங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு சனோபர் அழுதுகொண்டிருந்தவள், அதைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மன்னிக்காம என்னக்கா? எங் கல்யாணத்துல, ‘மாப்பிள்ளை தப்பிச்சு ஓடாம இருக்க நாலு மூலையிலும் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருக்கோம்’னு மைக்ல சொன்னாரே! இப்பவும் எங்க வீட்டுல சண்டை வந்தா, ‘அன்னைக்கே அமீன் அண்ணே சாடை காட்டுனாரு, எனக்குத்தான் புரியல’ங்குறாரு அவரு.”

இப்படி வருகிறவர்கள் எல்லாம் ஒரு கதையைச் சொல்லிச் சிரித்து, மன்னித்து, மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். துக்க வீட்டில் இத்தனை சிரிப்புச் சத்தம் கேட்கலாமா என்று எதிர்வீட்டில் யாரோ கேட்டதாகக்கூடத் தகவல்.

மிச்சம் ஒருவர்தான். மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருந்த வீரணன்.

அவரைப் பற்றி மகன் நஜீம்தான் வந்து சொன்னான். அடக்கம் செய்யுமுன் மையவாடியில் நஜீம் கூட்டத்தைப் பார்த்து, வழக்கப்படி கேட்டிருக்கிறான்: “எங்க அத்தா சொல்லாலயோ செயலாலயோ உங்கள்ல யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சுக்கங்க.” எல்லோரும் ஒரே குரலில், ‘மன்னிச்சுட்டோம்’ என்றிருக்கிறார்கள். சுவரோரமாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

“வீரணன் மாமாதாம்மா.”

“அம்புட்டுத் தூரம் வந்துட்டுமா சொல்லாமப் போனாரு?”

“வாயத் தொறக்கலைம்மா. நாந்தான் பாத்தேனே.”

காரணம் ஹாஜராவுக்குத் தெரியும்.

ஜல்லிக்கட்டுத் தடை விலகி, காளைகளை மறுபடி அவிழ்த்துவிட்ட முதல் வருடம் அது. வீரணன் ஊர்ப் பொட்டலில் மஞ்சுவிரட்டு. ஜனம் என்றால் ஜனம், கண்மாய்க் கரையில் கால் வைக்க இடமில்லை. வழக்கம்போல நூருல் அமீன் மைக்செட். வீரணனும் அவரும் அதற்கு முன்பே ‘மாப்ள, மாப்ள’ என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள். வீரணன் அந்த மாட்டைத் தடை இருந்த காலம் முழுக்கக் கொட்டிலில் கட்டி, பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமுமாக ஊட்டி வளர்த்து வைத்திருந்தார். தொழுவிலிருந்து அது வெளியே வந்தபோது கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மாடு நான்கு எட்டு வைத்தது. நின்றது. சடாரென்று பக்கவாட்டில் ஒதுங்கி, கூட்டத்தை விட்டு விலகி, ஓரத்தில் நின்ற கரும்புச்சாறு வண்டிக்குப் போய், சக்கையில் வாயை வைத்தது.

மைக் பக்கத்தில் இருந்த நூருல் அமீன் அதை எடுத்தார். “வீரணன் மாடு பசியா வந்திருக்கு, எலையப் போடுங்கப்பா! பந்தி, பந்தி!”

பொட்டல் சிரித்த சிரிப்பு மேலூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

சிரிப்போடு போயிருந்தால் வீரணன் மறந்திருப்பார். ஆனால் அந்த ஊரில் குலசாமி பெயரை வைத்து வீட்டுக்கு ஒரு வீரணன். நெட்டை வீரணன், டிராக்டர் வீரணன், குவாரி வீரணன் என்று அடைமொழி இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அதுவரை ‘மேலத்தெரு வீரணன்’ என்று மரியாதையாக இருந்தவர் அன்றிலிருந்து ‘பந்தி வீரணன்’ ஆனார். கரண்ட் பில் எடுக்க வருகிறவர், கூரியர் கொண்டுவருகிறவர் எல்லோரும் ‘பந்தி வீடு எது?’ என்றார்கள். மகள் திவ்யாவைப் பெண் பார்க்க வந்த வீட்டார், “அது என்ன பந்தி? சாப்பாட்டுல ஏதும் பிரச்சனையா?” என்று தனியாக விசாரித்துவிட்டுத்தான் பூ வைத்தார்கள்.

அன்றோடு வீரணன் நூருல் அமீனிடம் பேசுவதை நிறுத்தினார். சொந்த ஊர்ப் பொட்டலில் மாட்டை அவிழ்ப்பதையும் நிறுத்தினார். சிராவயல் கொண்டுபோனார், பாலமேடு கொண்டுபோனார். வீட்டுக்கு எதிரே இருக்கிற பொட்டலுக்குக் கொண்டுவரவில்லை.

ஊருக்குத் தெரியாத ஒன்று ஹாஜராவுக்குத் தெரியும். மைக்குக்கு எதிரே குழாயைக் கட்டக்கூடாது என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. கட்டினால் ஊளையிடும். அன்றைக்குக் கூட்டத்தில் இடமில்லாமல், அவசரத்தில், தொழு வாசலை ஒட்டிய கம்பத்தில், மைக்குக்கு நேர் எதிரே குழாயைக் கட்டிவிட்டார் நூருல் அமீன். மாடு வெளியே வந்த நேரம் அது ஊளையிட்டது. அந்தச் சத்தத்தில்தான் மாடு மிரண்டு ஒதுங்கியது. கூட்ட இரைச்சலில் யாரும் கவனிக்கவில்லை. தன் தவறை யாரும் கவனிக்கும் முன்னால் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டார். அதை அன்று சாயங்காலமே வீட்டில் வந்து சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தார். ஹாஜராவும் சிரித்தாள். “போய் அவர்ட்ட சொல்லிட்டு வாங்க” என்று பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். “சொல்றேன் சொல்றேன், அவன் எங்க போயிறப் போறான்” என்பார். அவன் போகவில்லை. இவர்தான் போனார்.

இத்தா முடிந்ததும் ஹாஜரா முதல் வேலையாக, “மேலூர் போகணும்” என்றாள்.

“அந்த ஆளு கோவக்காரரும்மா.”

“நான் என்ன மஞ்சுவிரட்டுக்கா போறேன், மாடு முட்ட? வண்டிய எடு.”

நஜீம் குழாய்களை இறக்கிவைத்துவிட்டு, சாமான் ஏற்றுகிற குட்டியானையில் அம்மாவை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனான். மார்கழி மாதம். வழியெல்லாம் நெல் சாய்ந்து கிடந்தது.

வீரணன் முற்றத்தில் செவலைக் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பழைய மாடு போய்ச் சேர்ந்துவிட்டது. இது அதற்குப் பின் வாங்கியது. வண்டியில் ‘நூர் சவுண்ட் சர்வீஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் அவர் மாட்டின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

அவர் மனைவி முனீஸ்வரிதான் ஓடிவந்தாள். “வா தாயி, வா! ஏங்க, யாரு வந்திருக்கா பாருங்க. மாட்டுக்குப் பின்னாடி என்ன ஒளிச்சல்?”

“ஒளியல. வால் கழுவுறேன்.”

ஹாஜரா முற்றத்திலேயே நின்றாள். “அண்ணே, நல்லா இருக்கீகளா?”

“இருக்கேன் தங்கச்சி.” குரல் மட்டும் மாட்டைத் தாண்டி வந்தது.

“அவரு உங்க மனச நோகடிச்சுட்டாரு. அவரு சார்பா நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொல்லணும்.”

மாட்டின் முதுகில் இன்னொரு செம்புத் தண்ணீர் விழுந்தது.

“எதுக்குத் தங்கச்சி மன்னிப்பு?”

“அன்னைக்குப் பொட்டல்ல...”

“இருங்க.” வீரணன் இந்தப் பக்கம் வந்தார். வாளியைக் கீழே வைத்தார். “இங்க சொல்லாதீக. நீங்க இப்பச் சொன்னா யாரு கேக்குறது? நானு, இவ, இந்தச் செவல. அவன் சொன்னத எம்புட்டுச் சனம் கேட்டுச்சு? மைக்ல போன சொல்லுத் தங்கச்சி அது. மைக்லதான் திரும்பி வரணும்.”

“நல்லாருக்கு நியாயம்!” என்றாள் முனீஸ்வரி. “தாலி... புருசனப் பறிகொடுத்துட்டு வந்திருக்க பிள்ளைய மைக்ல பேசச் சொல்றீகளே. நீங்க ஒருதரம் மைக்ல பேசிருக்கீகளா? பஞ்சாயத்துக் கூட்டத்துல பேரக் கேட்டதுக்கே நாக்கு ஒட்டிக்கிச்சு.”

“அதான் சொல்றேன். மைக்கு லேசுப்பட்டது இல்ல.”

“வாயாடாம மன்னிச்சேன்னு சொல்லுங்க.”

“பொய்யி சொல்லச் சொல்றியா? மனசுல வரல. வராத சொல்ல வாயில வச்சுக் குடுத்தா அது அந்தப் பயலுக்குப் போயி சேருமா?”

சொல்லப்போனால், அது ஹாஜராவே சொல்லியிருக்க வேண்டிய பேச்சு. முனீஸ்வரி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வண்டி ஏறினாள். போகும்போது பின்னால் ஒரு வாழைத்தார் ஏறியிருந்தது. யார் ஏற்றியது என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு நஜீமைவிட்டுப் போன் போட்டுக் கேட்டாள். அவர் கதையை முழுக்கக் கேட்டு, ஒரு பாட்டம் சிரித்துவிட்டு, “அந்த மனுசன் மதரஸாவுல ஓதலைன்னா சொல்றீங்க? சரியான சட்டத்தையில்ல சொல்லிருக்காரு. சபையில இழுத்த பேரை, சபையிலதான் நேராக்கணும்” என்றார்.

ஆக, வேறு வழியில்லை. தை மாதம் அந்தப் பொட்டலில் மஞ்சுவிரட்டு. மைக்செட் வழக்கம்போல அவர்கள் கடையுடையது. விழாக் கமிட்டித் தலைவர் ராஜபாண்டியிடம் நஜீம் பேசினான். “ரெண்டு நிமிசம் மாப்ள. அதுக்கு மேல போச்சுன்னா மாட்டுக்காரங்க என்னைய முட்டுவாய்ங்க” என்று அவர் ஒப்புக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், ஹாஜரா மைக்கில் பேசியவளே அல்ல. மைக்செட்காரர் மனைவியாக இத்தனை வருடம் வாழ்ந்து, ஒயரைச் சுற்றிக் கொடுத்திருக்கிறாள், குழாயைத் துடைத்திருக்கிறாள், வாயருகே கொண்டுபோனதில்லை. அவள் பேச்சு அடுத்த அறைக்குக் கேட்காது. “உன்னையக் கட்டுனதுக்கு ஒரு மைக்கையும் சேத்துக் கட்டிருக்கணும்” என்பார் அவர்.

கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நஜீம் பழக்கினான்.

“ம்மா, அது அகப்பை இல்ல. அப்படி எட்டப் பிடிக்காத. வாய்கிட்ட வை.”

அவள் பக்கத்தில் வைத்து, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றாள். அவள் குரல் பெரிதாக, வேறொருத்தி குரல் மாதிரி, சுவரில் மோதித் திரும்பியது. பதில் சலாமுக்காகச் சற்று நேரம் காத்திருந்தாள்.

“யாரு பதில் சொல்லுவா? பேசும்மா.”

“இருடா. மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?”

பேச வேண்டியதை அவள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதினால் அழுகை வந்துவிடும் என்று பயம். காலையும் மாலையும் ஓதுகிற துஆவின் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டாள். முதலில் வாங்கிய கொடை. பிறகு செய்த பாவம். பிறகு கேட்பது. அல்லாவிடம் போகிற பாதைதான் வீரணனிடமும் போக வேண்டும் என்று பட்டது.

அந்த நாள் வந்தது. பொட்டலில் வண்டிகள், பந்தல்கள், பலூன்காரர்கள், கையில் கம்பு வைத்திருக்கிற போலீஸ்காரர்கள். நஜீம் தொழு வாசலிலிருந்து நன்றாகத் தள்ளிக் குழாய்களைக் கட்டியிருந்தான். கட்டி முடித்துவிட்டு அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினான். அவள் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, “சரி” என்றாள்.

மேடைக்குப் பக்கத்தில் முனீஸ்வரி வந்து கையைப் பிடித்தாள். “காலையிலருந்து செவலையக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, மால போட்டு வச்சிருக்காரு தாயி. எதுக்குன்னா, சும்மாங்குறாரு. எங்க வீட்டுல சும்மா மால போட்டு நான் பாத்ததில்ல.”

“இப்ப எங்க இருக்காரு?”

“அந்தா, புளியமரத்தடியில. ஆளு தெரியக்கூடாதுன்னு துண்டப் போட்டு மூடிருக்காரு. அந்தத் துண்டு ஊருக்கே தெரியும்.”

ராஜபாண்டி மைக்கில், “மாடு அவிழ்க்கிறதுக்கு முன்னாடி நம்ம மைக்செட் பாய் வீட்டம்மா ரெண்டு வார்த்த பேசுவாங்க. விசிலடிக்கிறவன் பேர வாசிப்பேன்” என்று சொல்லி, மைக்கை ஹாஜராவிடம் நீட்டினார்.

அவள் அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக்கொண்டாள். கூட்டத்தைப் பார்க்காமல் புளியமரத்தைப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் நூருல் அமீன் வீட்டுக்காரி. அவரு இப்ப இல்ல. அவருக்குப் பதிலா நான் ஒருத்தர்ட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்.”

பலூன் ஊதல் ஒன்று எங்கேயோ கேட்டு நின்றது.

“எங்க ஆளுக ஓதுற பாவமன்னிப்புல ஒரு முறை இருக்கு. செஞ்ச தப்பச் சொல்றதுக்கு முன்னாடி, வாங்குன நன்மையச் சொல்லணும். அதனால முதல்ல அதச் சொல்லிடுறேன். ஒரு ஐப்பசியில எங்க வண்டி இந்தக் கண்மாய்ச் சேத்துல பொதைஞ்சு போச்சு. ரெண்டு குழாய மார்ல கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு நின்னவர, மேலத்தெரு வீரணன் அண்ணே ஏர்மாட்ட அவுத்துட்டு வந்து இழுத்து விட்டாரு. ஒவ்வொரு நோன்புக்கும் எங்க வீட்டுக் கஞ்சிக்கு முதல் அறுப்பு அரிசி அவருதான் குடுத்து விடுவாரு. இவங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தாங்களே, அப்பவும் அரிசி வந்துச்சு. யாரு பேரும் இல்லாம, மேலூர் பஸ்ஸுல வரும். அனுப்புன ஆளுக்கு நாங்க கண்டுபிடிக்கலைன்னு நெனப்பு. மூட்டைய மாட்டுக்கயித்து முடிச்சு போட்டுக் கட்டுனா எங்களுக்குத் தெரியாதா?”

கூட்டம் சிரித்தது. புளியமரத்தடியில் துண்டு கொஞ்சம் அசைந்தது.

“இப்பத் தப்பச் சொல்றேன். அன்னைக்கு வீரணன் அண்ணே மாடு சாப்பிடப் போகல. அது நல்ல மாடு, வீராப்பா வந்த மாடு. எங்க வீட்டுக்காரரு அவசரத்துல தொழு வாசல்ல குழாயக் கட்டிட்டாரு. மாடு வெளிய வரவும் அது காதுக்குள்ள ஊளையிட்டுச்சு. நீங்களா இருந்தாலும் ஓடிருப்பீங்க. தப்பு மாட்டு மேல இல்ல, எங்க மைக் மேல. அத மறைக்கிறதுக்காகத்தான் அவரு பந்தின்னு கேலி பண்ணுனாரு. வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னாரு. நானும் சிரிச்சேன். அண்ணே, உங்களுக்கு ஒரு பேர ஒட்ட வச்சுட்டுப் போயிட்டாரு. அந்தச் சொல்ல அவரு சார்பா நான் திருப்பி எடுத்துக்கறேன். அவர மன்னிச்சுக்கங்க. என்னையும்.”

மைக்கை இறக்கினாள். அவ்வளவு பெரிய பொட்டலில் மாடுகளின் மூச்சு கேட்டது.

நடுக்கூட்டத்திலிருந்து உண்மையான இரக்கத்தோடு ஒரு குரல் எழும்பியது. “பந்தி வீரணண்ணே, மன்னிச்சு விடுங்கண்ணே!”

“எவன்டா அவன்!” என்று முனீஸ்வரி பாய்ந்தாள். அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. கூட்டம் வெடித்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள்ளே வீரணன் நடந்து வந்தார். மேடை ஏறினார். ஹாஜராவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். வாங்கியதும் வாய் ஒட்டிக்கொண்டது. அவர் மூச்சு விடுவது எட்டுத் திசையிலும் புஸ், புஸ் என்று கேட்டது.

“பேசுங்கண்ணே” என்றாள் ஹாஜரா மெதுவாக.

அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ‘நூர் சவுண்ட் சர்வீஸ்’ என்று எழுதிய பெட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“ஏ மாப்ள, நூரு. குழாய் ஊளையிட்டது எனக்கு அன்னைக்கே தெரியும்டா. எம் மாட்டப் பத்தி எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். நீ வரல. நானும் கூப்பிடல. ரெண்டு பேரும் வீம்புலயே காலத்த ஓட்டிட்டோம். உம் மகன் மையவாடியில கேட்டப்ப எனக்கு வாய் வரலடா. நீ கேக்கணும்னு இருந்துச்சு. நீ படுத்துக் கிடந்த.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “சரி போ. இப்ப உம் பொண்டாட்டி கேட்டுருச்சு. மன்னிச்சுட்டேன். மனசார மன்னிச்சுட்டேன். நாஞ் சொல்லாம வந்ததுக்கு நீயும் மன்னிச்சுக்க.”

ஹாஜராவுக்குக் கண் மறைத்தது. துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் ராஜபாண்டி சொன்ன நேரத்தில் மாடு அவிழ்ந்திருக்கும். ஆனால் அழகுமலை என்கிற நடுவயதுக்காரர் ஒருவர் திடுதிப்பென்று மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். “நானும் ஒண்ணு சொல்லணும். டிராக்டர் வீரணா, உன் கிணத்து மோட்டாரு ரிப்பேரானப்ப ‘நல்லா வேணும்’னு சொன்னது நாந்தான். மன்னிச்சுக்கப்பா.” “அத நானும் கேட்டேன்ப்பா, சரி விடு” என்று கூட்டத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பெண், தன் மருமகள் வைத்த குழம்பைப் பற்றிச் சொன்னதற்கு. அதற்குப் பின்னால் இரண்டு பங்காளிகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, யார் முதலில் கேட்பது என்று சண்டை. படிக்கட்டில் வரிசை நீண்டது. வரிசையில் கமிட்டிப் பொருளாளர்கூட நின்றார்.

ராஜபாண்டி மைக்கைப் பிடுங்கினார். “ஏப்பா! மன்னிப்பெல்லாம் மாட்டுக்குப் பெறகு வச்சுக்கங்க! தொழுவுல மாடு காத்துக்கிடக்கு, மாட்டு டாக்டர் காத்துக்கிடக்காரு! யாரு மாடு முதல்ல?”

“எம் மாடு” என்றார் வீரணன்.

பொட்டல் ஓவென்று இரைந்தது. இத்தனை வருடம் கழித்து மேலத்தெருவிலிருந்து ஒரு காளை வருகிறது! வீரணன் மேடையிலிருந்து குதித்து ஓடினார். ஓடிய வேகத்தில் திரும்பி நின்று கையை ஆட்டினார்.

“தங்கச்சி! பேர நீங்களே சொல்லுங்க!”

மைக் மறுபடி ஹாஜராவின் கைக்கு வந்தது. இந்தத் தடவை அவள் புளியமரத்தைத் தேடவில்லை. தொழுவின் கதவு அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செவலையின் கொம்பு தெரிந்ததும், அடுத்த அறைக்குக் கேட்காத அந்தக் குரல் கண்மாய்க்கு அக்கரை வரை போனது.

“வருது, வருது! மேலத்தெரு வீரணன் அண்ணே மாடு வருது! ஒதுங்குங்க, ஒதுங்குங்க!”

குழாய்கள் ஒன்றும் ஊளையிடவில்லை. செவலை தலையைத் தாழ்த்தி, நேர்கோடாக, நடுப்பொட்டலில் பாய்ந்தது. திமிலில் கை வைக்க இரண்டு பேர் எகிறினார்கள். ஒருவன் கையில் மாலை மட்டும் வந்தது. இன்னொருவன் கையில் அதுவும் வரவில்லை. புழுதி கிளம்பி, புழுதிக்குள் வீரணன் மாட்டுக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடுவது தெரிந்தது. மாடு நிற்கவில்லை. பொட்டலைக் கடந்து, வரப்பைத் தாண்டி, தெருவுக்குள் நுழைந்து தன் கொட்டிலைப் பார்க்கப் போய்விட்டது.

ஹாஜரா அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைக் குனிந்து, தனக்குள் மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்.

“யா அல்லா, அவரு மன்னிச்சுட்டாரு. இனி உன் பாடு. பாத்துச் செய்யி.”

மைக் கையிலேயே இருந்ததை அவள் கவனிக்கவில்லை. எல்லாக் குழாயும் ஒன்றுபோல அதைச் சொன்னது. நஜீம் பெட்டிக்குப் பின்னாலிருந்து “ஆமீன்” என்றான். கூட்டத்துக்கு அந்த வார்த்தை புதிது. இருந்தாலும், சொல்ல வேண்டிய இடம் இது என்பது மட்டும் அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

“ஆமா சாமி” என்றது பொட்டல்.